மைனஸ் 13 கண்ணில் விழித்திரை விலகல்: பக்கிளா, விட்ரெக்டமியா?

வயது 29. இரண்டு கண்ணிலும் மைனஸ் 13. வலது கண்ணில் கீழ்ப்பக்கமாக ரெடினா, அதாவது விழித்திரை, விலகியிருக்கிறது; நடுப்பார்வை தரும் அதன் மையமான மாகுலா இன்னும் ஒட்டியே இருக்கிறது. ஒரு டாக்டர் கண்ணுக்கு வெளியே பட்டை தைக்கும் பக்கிள் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி செய்து சிலிக்கான் ஆயில் வைக்கலாம் என்கிறார். எது நல்லது, ஆபரேஷன் முடிந்தால் பவர் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இன்னொரு சந்தேகமும் இருப்பதாகத் தோன்றுகிறது: ஒரே கண்ணைப் பார்த்த இரண்டு பேர் எதிரும் புதிருமாகச் சொன்னால், யாரோ ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படி இல்லை. ரெடினா விலகல் என்ற ஒரே பெயருக்குள் போக்கு வேறான மூன்று விலகல்கள் இருக்கின்றன. பவர் அதிகமான கண்ணில் மூன்றும் வரும். கண்ணைச் சோதிக்காமல் உங்களுக்கு இதுதான் என்று யாரும் எழுத முடியாது. ஆனால் எந்தெந்த விவரத்தை வைத்து ஒரு சர்ஜன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்கிறார் என்பதை எழுதலாம்.

அதிக மைனஸ் பவர் என்றால் பெரும்பாலும் கண் நீண்டுவிட்டது என்று பொருள். சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை 24 மி.மீ. சுமாருக்கு இருக்கும். ஒரு மி.மீ. கூடினால் 2.5 முதல் 3 வரை மைனஸ் ஏறும். அப்படிப் பார்த்தால் உங்கள் கண் 28, 29 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும். கண் பெரிதாகிறதே தவிர உள்ளே விரித்திருக்கும் ரெடினா கூடவே வளர்வதில்லை. இழுபட்டு மெலிகிறது, ஓரங்களில் லாட்டிஸ் என்கிற நைந்த திட்டுகள் விழுகின்றன. உள்ளே நிறைந்திருக்கும் விட்ரியஸ் ஜெல்லும் சீக்கிரமே நீர்த்துப் போகிறது. நைந்த இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தால், நீர்த்த ஜெல் அதன் வழியாக அடியில் புகுந்து ரெடினாவைச் சுவரிலிருந்து உரித்துவிடும். 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மைனஸ் 1 முதல் 3 வரை உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து நான்கு மடங்கு, 3-க்கு மேல் பத்து மடங்கு என்று கண்டார்கள். ஓட்டைதான் மூல காரணம் என்பதை 1920-களில் லோசான் நகரத்து ஜூல் கோனன் நிலைநாட்டினார். அதுவரை விலகிய ரெடினா என்றால் பார்வை போனதாகவே கணக்கு. இன்று செய்யும் எல்லா ஆபரேஷனும் அவர் காட்டிய வேலையைத்தான் வெவ்வேறு வழியில் செய்கிறது: ஓட்டைகள் ஒன்று விடாமல் கண்டுபிடிப்பது, ஒன்று விடாமல் அடைப்பது.

முதல் வகை, இளம் வயதில் வருவது. லாட்டிஸ் திட்டுக்குள் வட்டமான சிறு ஓட்டைகள் இருக்கும். ஜெல் இன்னும் ரெடினாவோடு ஒட்டியே இருக்கும். ஜெல்லே ஒரு மூடிபோல் அமர்ந்திருப்பதால் நீர் மாதக்கணக்கில் மெல்லக் கசியும். பெரும்பாலும் கீழ்ப்பாதியில் நடக்கும். மின்னல் அடிக்காது, கண்முன் பூச்சி பறக்காது, கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தற்செயலாகத் தெரியவரும். குளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் படிக்கட்டில் கறையாகத் தெரிவதுபோல விலகலின் எல்லையில் நிறமிக் கோடு இருந்தால், பல மாதமாக இருக்கிற விலகல் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் வகை, ஜெல் பின்பக்கம் கழலும்போது வருவது. வயதானால் பெரும்பாலோருக்குக் கழலும்; பவர் அதிகமானவர்களுக்கு ஏறக்குறைய பத்து வருடம் முந்தியே கழலும். கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தில் அது ரெடினாவைக் குதிரை லாட வடிவத்தில் கிழித்துக்கொண்டு வரும். மேல்பாதியில் கிழிந்தால் ஓரிரு நாளிலேயே நீர் மாகுலாவுக்கு இறங்கிவிடும். மூன்றாம் வகை அதிக பவருக்கென்றே வாய்த்தது: கண்ணின் பின்சுவர் பள்ளமாகப் பிதுங்கி, மாகுலாவின் நட்டநடுவில் ஓட்டை விழுந்து அங்கிருந்து உரிவது.

29 வயது, கீழ்ப்பக்கம், மாகுலா தப்பியிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது உறுதியானால் பக்கிள் சொன்ன டாக்டர் பக்கம்தான் ஆதாரம் கனமாக இருக்கிறது.

பக்கிளில் கண்ணுக்குள் போவதே இல்லை. வெள்ளை விழியின் மேல் சிலிக்கான் பட்டையோ ஸ்பான்ஜோ வைத்துத் தைத்து, சுவரை உள்நோக்கி அமுக்குகிறார்கள். ரெடினாவைச் சுவரிடம் தள்ளுவதற்குப் பதில் சுவர் ரெடினாவிடம் வருகிறது. கருவிழி ஓரத்தில் மேல்தோலைத் திறந்து, கண்ணை அசைக்கும் நான்கு நேர்த்தசைகளையும் நூல் கோத்துப் பிடித்துக்கொண்டு, தலையில் மாட்டிய இன்டைரக்ட் ஆஃப்தால்மோஸ்கோப் வழியாக ஓரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். உண்மையில் ஆபரேஷனின் பாதி இந்தத் தேடல்தான். ஓர் ஓட்டை விட்டுப்போனால் மிச்சம் செய்தது அத்தனையும் வீண். கண்டதை வெளியே குறியிட்டு, மைனஸ் 70, 80 டிகிரிக்குக் குளிர்ந்த கிரையோ முனையை வெளியே அழுத்தி, உள்ளே ஓட்டையைச் சுற்றி ரெடினா லேசாக வெளுக்கும் கணத்தில் நிறுத்துவார்கள். அதிகம் உறைய வைத்தால் நிறமிச் செல்கள் சிதறி, பின்னால் சொல்லப்போகிற தழும்புக்கு விதையாகும். அதன் பிறகு பட்டையைத் தைப்பார்கள்.

தையல்தான் அதிக பவர் கண்ணில் கை நடுங்கும் இடம். ஸ்க்லீரா என்ற அந்த வெள்ளைச் சுவர், தசைகள் ஒட்டும் இடத்துக்குப் பின்னால் சாதாரணக் கண்ணிலேயே 0.3 மி.மீ. கனம்தான். நீண்ட கண்ணில் அதைவிட மெலிவு. தசையை ஒதுக்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் நீலமாகத் தெரியும், அடியில் இருக்கும் கோராய்டு என்ற ரத்தநாள அடுக்கின் நிறம் அது. தட்டையான முனை கொண்ட ஊசி அந்தக் கனத்தின் பாதிக்குள் சுவருக்கு இணையாக ஓட வேண்டும். ஓடும் வழி முழுக்க உலோகம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஊசித் தடத்தில் கறுப்பாக ஒரு பொட்டோ பளபளவென்று ஒரு சொட்டு நீரோ வந்தால் துளைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஊசியை எடுத்து, உள்ளே ரெடினாவில் புதிய ஓட்டையோ ரத்தமோ உண்டா என்று பார்த்து, தையலைப் பக்கத்தில் கனமான இடத்துக்கு மாற்ற வேண்டும். ஸ்க்லீரா தாளாக மெலிந்திருக்கிறது, தையல் தாங்காது என்று பட்டால் பக்கிளையே கைவிட்டு விட்ரெக்டமிக்குப் போவது நியாயமான முடிவு. உங்களுடைய இரண்டாவது டாக்டர் இதை மனதில் வைத்தும் சொல்லியிருக்கலாம்.

பழைய விலகலில் அடியில் இருக்கும் நீர் கெட்டியாகிவிடும். ஓட்டை அடைபட்ட பிறகும் அது வற்ற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் ஸ்கேனில் ‘இன்னும் நீர் இருக்கிறது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தோல்வி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறைந்துகொண்டே வருகிறதா, கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

இளம் வயதில் விட்ரெக்டமியை ஏன் தள்ளிப் போடுவார்கள்? முதல் காரணம் ஜெல். விட்ரெக்டமி என்றால் கருவிழி ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி மூன்று துளை போட்டு உள்ளே போய் ஜெல்லை வெட்டி எடுப்பது. ஜெல் ஏற்கெனவே கழன்ற கண்ணில் அது சுலபம். முழுக்க ஒட்டியிருக்கும் கண்ணில் அதை இழுத்துப் பிரிக்க வேண்டும். மெலிந்த ரெடினா இழுக்கும்போதே கிழியும். ஒரு ஓட்டையோடு போய் ஐந்து ஓட்டையோடு வருவது நடக்கக்கூடியதே. இரண்டாவது, கண்புரை. விட்ரெக்டமிக்குப் பிறகு இயற்கை லென்ஸ் மங்குவது துரிதப்படும். 50 வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் புரை ஆபரேஷன் தேவைப்படும், இளையவர்களுக்குச் சற்று மெதுவாக. 29 வயதில் லென்ஸை இழந்தால் கிட்டத்தில் பார்க்கக் குவிக்கும் திறனும் அதோடு போய்விடும். மூன்றாவது, இடம். ஜெல்லை எடுத்த இடத்தில் நிரப்பும் கேஸும் மிதக்கும், சிலிக்கான் ஆயிலும் மிதக்கும். ஆயிலின் அடர்த்தி 0.97. இரண்டும் மேலே போய் அமுக்குமே தவிர, நீங்கள் நிமிர்ந்திருக்கும்போது கீழ்ப்பக்கத்து ஓட்டையைத் தொடாது. 2007-ல் வெளிவந்த எஸ்பிஆர் என்ற ஐரோப்பிய ஆய்விலும் இயற்கை லென்ஸ் இருந்தவர்களுக்குப் பக்கிளில் பார்வை கூடுதலாகத் தேறியது. செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கு ரெடினா ஒட்டியதில் விட்ரெக்டமிதான் முன்னே நின்றது. அந்த ஆய்வு அதிக பவர்காரர்களை மட்டும் எடுத்துச் செய்ததல்ல, அதனால் அப்படியே உங்களுக்குப் பொருத்திவிடவும் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் விட்ரெக்டமியே சரி என்று ஆகும் நிலைகள் உண்டு. ரெடினா மடிப்பு மடிப்பாக விறைத்திருந்தால், ஓட்டைகள் வெவ்வேறு ஆழத்தில் சிதறியிருந்தால், பட்டை எட்டாத அளவு பின்னால் இருந்தால், ரத்தம் கலங்கி உள்ளே தெரியாமல் இருந்தால், ஜெல் கழன்று பெரிய கிழிசல் விழுந்திருந்தால். அப்போது ஜெல்லை அகற்றி, தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமான பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தை ஊற்றி ரெடினாவைப் பின்சுவரோடு படிய வைத்து, ஓட்டையைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை லேசர் வைத்து, திரவத்தை எடுத்துவிட்டு கேஸோ ஆயிலோ நிரப்புவார்கள். லேசர் தழும்பு முழு பிடிப்புக்கு வர 10 முதல் 14 நாள். அதுவரை அமுக்கிப் பிடிக்கத்தான் கேஸ். எஸ்எஃப்6 என்ற கேஸ் 20 சதவீதக் கலவையில் இரண்டு வாரம் போல நிற்கும், சி3எஃப்8 என்ற கேஸ் 14 சதவீதக் கலவையில் ஆறு முதல் எட்டு வாரம். ஆயில் தானாகப் போகாது, மூன்று முதல் ஆறு மாதத்தில் இன்னொரு ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். நீண்ட கண்ணில் இங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. துளைகள் அரை மி.மீ. அகலம்தான், சாதாரணமாகத் தானே மூடிக்கொள்ளும். மெலிந்த ஸ்க்லீராவில் மூடாமல் கசியும். கண் அழுத்தம் சரிந்து, கோராய்டு வீங்கி, கேஸ் குறைந்து, அடைத்த ஓட்டை திறந்துகொள்ளும். தையல் போடாத நவீன முறை என்று பெருமையாகச் சொன்னாலும், இந்தக் கண்களில் முடிவில் துளைக்கு ஒரு தையல் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கண்ணுக்குள் கேஸ் குமிழி மட்டும் செலுத்தும் முறையும் உண்டு. மேல்பக்கத்தில், ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் நல்ல வழி. கீழ்ப்பக்க விலகலுக்கு அது ஒத்துவராது.

மூன்றாம் வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இப்போது உங்களுக்கு அது இல்லாவிட்டாலும். மாகுலா ஓட்டையிலிருந்து விலகும் ரெடினாவுக்குப் பக்கிள் பட்டை எட்டாது, லேசரும் வைக்க முடியாது. வைத்தால் நடுப்பார்வை அதோடு சரி. இங்கே விட்ரெக்டமிதான். முதல் தொல்லை, ஜெல் கழன்றுவிட்டது என்று நினைத்த இடத்தில் அதன் ஒரு மெல்லிய அடுக்கு ரெடினா மேல் ஒட்டியே கிடக்கும். வெறும் கண்ணாடி போலிருப்பதால் தெரியாது. ட்ரையம்சினலோன் என்ற வெண்ணிறத் துகளைத் தூவினால் அது ஒட்டிய இடமெல்லாம் திருநீறு பூசியதுபோல் தெரியவரும், அப்புறம் உரிக்கலாம். அடுத்து ஐஎல்எம் என்ற உட்படலம், கனம் ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. நீலச் சாயம் ஏற்றினாலும், பின்னணியில் கோராய்டு அழிந்து வெளுத்துக் கிடப்பதால் நீலம் சரியாக எடுபடாது. கண் 30 மி.மீ. தாண்டினால் வழக்கமான ஃபோர்செப்ஸ் பள்ளத்தின் அடியைத் தொடவே எட்டாமல் போகும்; நீளமான கருவி கையிருப்பில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் இந்தப் படலத்தை உரித்துப் போட்டுவிடுவார்கள். ரெடினா ஒட்டினாலும் ஓட்டை மூடாமலே இருந்துவிடுவது சாதாரணம். இப்போது முழுக்கப் பிய்க்காமல் ஓட்டையின் ஓரத்தில் தொங்கவிட்டு, இலையை மடிப்பதுபோல் ஓட்டையின் மேல் மடித்து மூடுகிறார்கள். ஓட்டை மூடுவது இதனால் தெளிவாகக் கூடியிருக்கிறது. பார்வை அதே அளவு கூடுகிறதா என்பதில் கருத்து ஒருமிக்கவில்லை, ஏனென்றால் அடியில் இருக்கும் கோராய்டு முன்பே தேய்ந்திருக்கும். மாகுலாவுக்குப் பின்னால் வெளியிலிருந்து அமுக்கும் தனிப் பக்கிளும் இருக்கிறது. கையாளத் தெரிந்த சர்ஜன்கள் குறைவு, யாருக்கு முதலிலேயே செய்யலாம் என்பதும் விவாதத்தில்தான் இருக்கிறது.

எந்த வழியாக இருந்தாலும், எல்லா விலகல்களையும் சேர்த்துப் பார்த்தால் முதல் ஆபரேஷனிலேயே ஒட்டுவது நூற்றுக்கு 85, 90 பேருக்கு. இரண்டாவது மூன்றாவது ஆபரேஷனும் சேர்த்தால் 95-க்கு மேல். தோற்பதற்கு இரண்டு காரணம்தான் முக்கியம். ஒன்று, விட்டுப்போன அல்லது புதிதாக விழுந்த ஓட்டை. இது முதல் சில வாரத்தில் தெரியும். இன்னொன்று பிவிஆர் என்கிற தழும்புப் படலம். நான்கு முதல் எட்டு வாரத்தில் ரெடினாவின் மேலும் அடியிலும் வளர்ந்து சுருங்கி இழுக்கும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது, உறுதியாகத் தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அதனால்தான் முதல் மாதம் நன்றாக இருந்தாலும் இரண்டாம் மாதப் பரிசோதனைக்குக் கட்டாயம் வரச் சொல்கிறார்கள்.

பவர் குறையுமா? பக்கிளால் குறையாது, கூடும். கண்ணைச் சுற்றிப் பட்டை இறுக்கினால் பூசணிக்காயை இடுப்பில் கட்டியதுபோல் நீளம் கொஞ்சம் ஏறும். 2, 3 டயாப்டர் கூடுதல் மைனஸ் வரலாம். சுற்றிக் கட்டாமல் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் வைத்தால் இந்த மாற்றம் குறைவு. இயற்கை லென்ஸ் இருக்கும் கண்ணில் ஆயில் வைத்தால் மைனஸ் 5, 6 குறைந்ததுபோல் தெரியும். ஆயிலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும், அதை நம்பிக் கண்ணாடி செய்யாதீர்கள். பின்னாளில் புரை எடுக்கும்போது லென்ஸ் கணக்குப் போட்டு மைனஸைப் பெருமளவு குறைக்கலாம். ஆனால் புரையே இல்லாமல் பவருக்காக மட்டும் லென்ஸை எடுப்பது உங்களைப் போன்ற கண்ணில் விலகல் ஆபத்தைக் கூட்டும். லேசிக் செய்தாலும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும், ஆபத்தும் அப்படியேதான்.

கேஸ் வைத்தால் அது முழுக்கக் கரையும்வரை விமானம் கூடாது, உயரமான மலைப்பாதை கூடாது. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது குமிழி விரிந்து கண்ணின் ரத்த ஓட்டத்தையே நிறுத்தும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் கேஸ் இருப்பதை முதலில் சொல்லுங்கள், நைட்ரஸ் ஆக்சைடு தரக்கூடாது. எத்தனை நாள் குப்புறப் படுப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு, உங்கள் ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தது. சர்ஜன் சொன்ன நாள் கணக்கைப் பின்பற்றுங்கள். கேஸ் வைக்காத பக்கிளில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இடது கண்ணையும் பாவை விரித்து ஓரம்வரை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மறு கண்ணிலும் வருகிறது. அங்கே ஓட்டையைச் சுற்றி நீர் தேங்கத் தொடங்கியிருந்தாலோ லாடக் கிழிசல் இருந்தாலோ லேசர் வைப்பதில் இரண்டாம் கருத்து இல்லை. வெறும் லாட்டிஸ் மட்டும் இருந்தால் வைக்கலாமா என்பதுதான் சர்ச்சை. 1989-ல் வந்த ஓர் ஆய்வில், மறு கண்ணுக்கு முன்கூட்டி லேசர் வைத்தது மொத்தத்தில் கொஞ்சம் உதவியது. ஆனால் மைனஸ் 6-க்கு மேல் பவரும் பாதிச் சுற்றளவுக்கு மேல் லாட்டிஸும் உள்ள கண்ணில் பலன் தெரியவில்லை, காப்பு அதிகம் தேவைப்பட்டது அவர்களுக்குத்தான்.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு டாக்டரிடமும் ஒரே மூன்று கேள்வி. ஓட்டைகள் எத்தனை, எங்கே? ஜெல் கழன்றுவிட்டதா, ஒட்டியிருக்கிறதா? தழும்பு மடிப்பு ஏதாவது தொடங்கியிருக்கிறதா? பதில்கள் பொருந்தவில்லை என்றால் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்லலாம். மெதுவாகப் பரவும் வகைக்கு யோசிக்கச் சில நாள் அவகாசம் பெரும்பாலும் இருக்கும், எத்தனை நாள் என்று சர்ஜனே சொல்லட்டும். அதுவரை தினமும் காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் வெளிர் நிறச் சுவரைப் பாருங்கள். கீழ்ப்பக்க விலகலின் நிழல் பார்வையில் மேல்பக்கமாகத் தெரியும். அந்த நிழல் நேற்றைவிட ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால், அல்லது நேர்கோடு வளைந்து தெரிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மாகுலா விலகுவதற்கு முன் செய்த ஆபரேஷனுக்கும் விலகிய பின் செய்ததற்கும் பார்வையில் இருக்கும் வித்தியாசம், பக்கிளுக்கும் விட்ரெக்டமிக்கும் இருப்பதைவிடப் பெரியது.